200 பவுணும் ஆறு பொயின்றும்: போன் தண்டத்தை மறுப்பதென்றால்

வாகனம் ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தீர்கள் என்று இங்கிலாந்திலோ வேல்ஸிலோ பொலிஸ் தண்டம் எழுதினால், நம்மவர்களில் பலர் முதலில் கேட்பது "இதுக்கு எங்கே அப்பீல் போடுறது?" என்றுதான். கவுன்சிலின் பார்க்கிங் ரிக்கற் பழக்கிவிட்ட கேள்வி அது. அங்கே கடிதம் எழுதலாம், படம் இணைக்கலாம், கவுன்சில் மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தோற்றாலும் காசு மட்டும்தான் போகும், லைசன்ஸில் ஒரு கீறலும் விழாது. போன் தண்டத்துக்கு அப்படியொரு வழி கிடையாது. இது குற்றவியல் சட்டத்தின் கீழ் வருவது. பொலிஸ் தரும் தாள் ஒரு பேரம்: "200 பவுணைக் கட்டு, லைசன்ஸில் ஆறு தண்டப் பொயின்றை ஏற்றுக்கொள், உன்னை நீதிமன்றத்துக்கு இழுக்கமாட்டோம்." பேரத்தை ஏற்காதவருக்கு மிச்சமிருப்பது வழக்கு.

ஆகவே தண்டத்தை மறுப்பது என்றால், குற்றத்தை நிரூபித்துக் காட்டு என்று அரச தரப்பிடம் சொல்வதுதான். அதற்கு முதலில், அவர்கள் நிரூபிக்கவேண்டியவற்றில் எந்த ஒன்றை நீங்கள் மறுக்கிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். "நியாயமில்லை" என்பது மறுப்பு ஆகாது. "எல்லாரும்தான் செய்கிறார்கள்" என்பதும் ஆகாது. இந்த ஒரு கேள்விக்குத் தெளிவான விடை இல்லாமல் நீதிமன்றத்துக்குப் போனவர்கள்தான் பெரும்பாலும் 200 பவுணை ஆயிரமாக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

சட்டம் இரண்டு இடத்தில் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில் 41டி பிரிவு குற்றத்தை உருவாக்குகிறது. 1986ஆம் ஆண்டின் வாகனக் கட்டமைப்பு, பயன்பாட்டு ஒழுங்குவிதிகளில் 110ஆவது விதி அதற்கு வரைவிலக்கணம் தருகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் அரச தரப்பு நிரூபிக்கவேண்டியவை நான்கு: நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள், அது ஒரு வீதி, கையில் இருந்தது விதி சொல்லும் சாதனம், அதை நீங்கள் பயன்படுத்தினீர்கள்.

ஓட்டுவதில் வாதிட அதிகம் இல்லை. சிவப்பு விளக்கில் நின்றாலும், லண்டனைச் சுற்றும் எம்25 நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் நகராமல் கிடந்தாலும், கார் தானாகவே எஞ்சினை அணைத்திருந்தாலும் சட்டத்தின் பார்வையில் ஓட்டுவதுதான். பாதுகாப்பான இடத்தில் ஒழுங்காகத் தரித்து நிறுத்தியிருந்தால் மட்டும் கதை வேறு. இரட்டை மஞ்சள் கோட்டில் எஞ்சின் ஓட ஒதுங்கி நின்றதைத் தரிப்பு என்று சொன்னால் எடுபடுவது கடினம். பிள்ளைக்கு ஓட்டப் பழக்கும் அப்பா அம்மாக்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழகுநரை மேற்பார்வை செய்பவர் போனைப் பயன்படுத்துவதும் இதே குற்றம். பக்கத்து இருக்கை என்பதால் விதிவிலக்கு இல்லை.

வீதி என்ற சொல்லில் கொஞ்சம் இடம் உண்டு. இந்தக் குற்றத்துக்கு 'பொது இடம்' போதாது, 'வீதி'யாகவே இருக்க வேண்டும். 1998இல், அன்றைய உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை கிளார்க் எதிர் கேட்டோ வழக்கில், வாகனத் தரிப்பிடம் சாதாரணமாக வீதி ஆகாது என்று தீர்த்தது. எனவே சூப்பர்மார்க்கெற் தரிப்பிடத்துக்குள் நடந்த சம்பவத்தில் இது உண்மையான வாதம். ஆனால் அந்த வளாகத்துக்குள்ளே பொதுமக்கள் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போய்வரும் வரையறுத்த பாதை இருந்தால் அது வீதியாகக் கணிக்கப்படலாம். நின்ற இடத்தைப் படமெடுத்து, வரைபடத்தில் குறித்து வைக்காமல் இந்த வாதத்தைத் தொடக்கூடாது.

சாதனம் என்பது போன் மட்டுமல்ல. தரவை அனுப்பவும் பெறவும் திறனுள்ள, கையில் பிடித்துப் பயன்படுத்தும் எதுவும் அதில் அடங்கும். அந்தத் திறன் அந்த நேரம் இயங்கியதா என்பது பொருட்டல்ல. பிளைட் மோடில் இருந்தது, சிம் இல்லை, டேட்டா முடிந்துவிட்டது என்ற பதில்கள் எல்லாம் 2022இல் விதி மாறிய பிறகு செத்த பதில்கள். இருவழி வானொலிக் கருவிக்கு மட்டும் தனி விலக்கு உண்டு. கையில் இருந்தது சாதனமே இல்லை, பணப்பை அல்லது ஆஸ்துமா பம்ப் அல்லது வேப் என்றால், அதுதான் இந்தக் குற்றச்சாட்டுக்கு இருக்கும் மிக உறுதியான மறுப்பு. மறித்த நேரத்திலேயே அந்தப் பொருளைக் காட்டியிருந்தால் இன்னும் உறுதி.

நான்காவது, பயன்படுத்துவது. இங்கேதான் பழைய தகவல் ஆட்களைக் கவிழ்க்கிறது.

2003 டிசம்பர் 1ஆம் திகதி இந்தத் தடை முதன்முதலில் வந்தபோது அது அழைப்பையும் குறுஞ்செய்தியையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. போன் 'ஊடாட்டத் தொடர்பாடல்' செய்வதற்காகப் பயன்பட்டால்தான் குற்றம் என்ற வாசகம் அதில் இருந்தது. 2017 ஆகஸ்டில் லண்டன் ரைஸ்லிப்பில் ஒரு விபத்து நடந்த இடத்தைக் கடந்துபோகும்போது, ராம்ஸி பறெட்டோ என்பவர் அதைப் போனில் படம்பிடித்தார். கீழ் நீதிமன்றம் குற்றவாளி என்றது. ஐசில்வேர்த் கிரவுன் நீதிமன்றம் விடுவித்தது. அரச தரப்பு மேன்முறையீடு செய்ய, 2019 ஜூலை 31இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது சரியே என்றது: படம்பிடிப்பது தொடர்பாடல் இல்லை, ஆகவே 110ஆவது விதிக்குள் வராது. அதே தீர்ப்பில் நீதிபதிகள், இதை ஓட்டும்போது படம்பிடிக்கக் கிடைத்த அனுமதியாக எடுக்கவேண்டாம், கவனயீனமாக ஓட்டிய குற்றத்துக்கு அது போதுமானதாகலாம் என்றும் எச்சரித்தார்கள். அந்தப் பகுதியை வாட்ஸ்அப்பில் யாரும் அனுப்பவில்லை.

2022 மார்ச் 25இல் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. இப்போது விதியே ஒரு பட்டியல் தருகிறது: திரையை ஒளிரச் செய்வது, நேரம் பார்ப்பது, அறிவிப்புகளைப் பார்ப்பது, பூட்டைத் திறப்பது, அழைப்பை எடுப்பது அல்லது நிராகரிப்பது, படம் அல்லது காணொளி எடுப்பது, எதையாவது எழுதுவது, போனில் இருக்கும் பாட்டு, படம், குறிப்பு போன்றவற்றைத் திறப்பது, செயலிக்குள் போவது, இணையத்துக்குள் போவது. அதுவும் "இவையும் அடங்கும்" என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது, "இவை மட்டும்" என்றல்ல. பறெட்டோ வழக்கைக் காட்டித் தப்பலாம் என்று இன்றும் யாராவது சொன்னால், அவர் கையில் இருப்பது காலாவதியான சட்டம்.

அப்படியென்றால் என்ன மிஞ்சுகிறது? போனைத் தொட்டதோ கையில் வைத்திருந்ததோ மட்டும் இன்னும் குற்றம் ஆகவில்லை. இருக்கையிலிருந்து வழுக்கிய போனை எடுத்துத் தட்டில் வைத்தால் அது பிடித்தல், பயன்பாடு அல்ல. ஆனால் தூக்கியதுமே தானாக விழித்துத் திரை ஒளிரும் போன்கள்தான் இப்போது அதிகம். ஒளிர்ந்த திரையை அதிகாரி பார்த்திருந்தால், "நான் ஒளிரச் செய்யவில்லை, அது தானாக ஒளிர்ந்தது" என்று நீங்கள் விளக்கவேண்டி வரும். அந்த விளக்கத்தை மட்டும் நம்பி வழக்காடுவது மெல்லிய கயிற்றில் தொங்குவது. இன்னொன்று, போன் பயன்பாடு நிரூபிக்கப்படாவிட்டாலும் வாகனம் சரியான கட்டுப்பாட்டில் இல்லை என்று 104ஆவது விதியின் கீழ் குற்றஞ்சாட்டலாம். அதற்கு 100 பவுணும் மூன்று பொயின்றும். தாங்கியில் பொருத்திய போனைத் தட்டுவது 110க்குள் வராவிட்டாலும் 104க்குள் வரக்கூடும். கவனயீனமாக ஓட்டியதாகவும் வழக்கு எழுதலாம்.

விதிவிலக்குகள் சில உண்டு. உண்மையான அவசரத்தில், நிறுத்துவது ஆபத்து அல்லது நடைமுறையில் முடியாது என்ற நிலையில் 999க்கோ 112க்கோ அழைப்பது ஒன்று. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மனைவிக்கு எடுத்த அழைப்பு இதற்குள் வராது. வாகனம் நின்றபடி இருக்க, ஓட்டிச்சென்று வாங்கும் கடை போன்ற இடத்தில் தொடுகையில்லா முறையில் பணம் செலுத்துவது இன்னொன்று; பொருளும் அப்போதே அல்லது அதன் பிறகு கைக்கு வரவேண்டும். காரைத் தொலைவிலிருந்து தரிக்கவைக்கும் செயலி மூன்றாவது.

வீதியோரத்தில் சொன்ன சொல்

வழக்கின் பாதி, அதிகாரி யன்னலைத் தட்டிய முதல் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அவர் உடலில் கமரா இருக்கும். "எதுவும் சொல்லத் தேவையில்லை" என்று தொடங்கும் எச்சரிக்கையைச் சொன்ன பிறகு நீங்கள் பேசுவது எல்லாம் சான்று. நம்மவர்களுக்கு யாரைக் கண்டாலும் முதலில் "சொறி" என்று சொல்லும் பழக்கம் உண்டு. "சொறி ஒஃபிஸர், போனில மப் மட்டும்தான் பார்த்தனான்" என்ற ஒரே வரி, பயன்பாட்டையும் சாதனத்தையும் சேர்த்து ஒப்புக்கொண்டுவிடுகிறது. அதன்பிறகு எந்தச் சட்டத்தரணியாலும் அந்தக் கதவைத் திறக்கமுடியாது. பெயர், முகவரி, பிறந்த திகதி, லைசன்ஸ், இன்சூரன்ஸ் இவற்றைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். மற்றதற்கு மரியாதையாகச் சுருக்கமாகப் பதில் சொல்லலாம். போன் பயன்படுத்தவில்லை என்பது உண்மையானால் அதை அங்கேயே ஒருமுறை தெளிவாகச் சொல்வதுதான் நல்லது. எச்சரிக்கையின் அடுத்த பகுதியே, பின்னர் நீதிமன்றத்தில் நம்பியிருக்கப்போகும் ஒன்றை இப்போது சொல்லாமல் விட்டால் அது உங்களுக்குக் கேடாகலாம் என்பதுதான்.

வீட்டுக்குப் போனதும் செய்யவேண்டியவற்றை அன்றே செய்யுங்கள். நேரம், இடம், எந்தத் தடம், அதிகாரி எந்தப் பக்கம் நின்றார் அல்லது எந்த வாகனத்தில் வந்தார், மழையா வெயிலா, உங்கள் யன்னல் கண்ணாடி கறுப்பா, காரில் வேறு யார் இருந்தார்கள், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். டாஷ்கேம் இருந்தால் பதிவை வேறிடத்தில் சேமியுங்கள், இல்லாவிட்டால் சில நாளில் அதன்மேல் புதுப்பதிவு ஏறிவிடும். போனில் திரைநேரப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். எந்த மணிநேரத்தில் எந்தச் செயலி திறந்தது, எத்தனை தடவை போன் கையில் எடுக்கப்பட்டது என்று அது காட்டும், ஆனால் சில வாரங்களே வைத்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு எதிராக இருந்தால், 200 பவுணைக் கட்டுவது பற்றி அன்றிரவே யோசிக்கலாம்.

போன் நிறுவனத்தின் அழைப்புப் பட்டியலுக்கு ஆட்கள் கொடுக்கும் மதிப்பு அதற்கு இல்லை. "அந்த நேரத்தில் ஒரு அழைப்பும் இல்லை" என்று அது சொல்லும். நேரம் பார்த்தாலே குற்றம் என்றான பிறகு, அழைப்பு இல்லை என்பது பாதிப் பதில்கூட இல்லை. போனைக் காதில் வைத்துப் பேசியதைக் கண்டேன் என்று அதிகாரி எழுதியிருந்தால் மட்டும் அந்தப் பட்டியல் நன்றாக வெட்டும். அப்போதும் வாட்ஸ்அப் அழைப்பு அதில் வராது என்று எதிர்த்தரப்பு சொல்லும்; திரைநேரப் படமும் சேர்ந்து இருக்கவேண்டியது அதற்காகத்தான்.

உடல் கமராப் பதிவு வேண்டுமென்றால் தாமதிக்காதீர்கள். சான்றாகக் குறிக்கப்படாத பதிவுகளை லண்டன் மெற்றோபொலிற்றன் பொலிஸ் 31 நாளில் அழித்துவிடும். சம்பவத்தின் திகதி, நேரம், இடம், அதிகாரியின் இலக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கும்படி எழுத்தில் கேளுங்கள். கூடவே உங்களைப் பற்றிய தரவைப் பார்க்கும் உரிமையின் கீழும் விண்ணப்பிக்கலாம். இலவசம், சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும். மறுத்து வழக்காடத் தொடங்கினால் அரச தரப்பு சான்றுகளை வெளிப்படுத்தவேண்டிய கடமையும் வரும். ஆனால் பொலிஸ் கமரா பெரும்பாலும் மறித்த பின் நடந்ததைத்தான் காட்டும், போன் கையில் இருந்த கணத்தை அல்ல. அதில் நீங்கள் தேடவேண்டியது உங்கள் முதல் சொல்லும், அதிகாரி "நான் கண்டது இது" என்று சொன்ன முதல் சொல்லும். அவரது எழுத்து வாக்குமூலத்தில் பின்னர் கூடுதலாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

28 நாளும் 21 நாளும்

பேரக் கடிதம் வந்தால் 28 நாள். கட்டினால் எல்லாம் முடிந்தது, பிறகு மனம் மாறித் திருப்பிக் கேட்கமுடியாது. தண்டப் பிரிவுக்கு விளக்கக் கடிதம் எழுதத் தடையில்லை, தெளிவான ஆவணம் இருந்தால் பொலிஸே கைவிடுவதும் உண்டு. ஆனால் கடிதம் போனதால் கடிகாரம் நிற்காது. பதிலுக்குக் காத்திருந்து 28 நாளும் போய், கட்டலாம் என்று நினைத்தபோது கட்டமுடியாமல் வழக்குக்குள் விழுந்தவர்கள் நிறையப் பேர். எழுதுவதானால் முதல் வாரத்திலேயே எழுதுங்கள், கடைசி நாளை நாட்காட்டியில் குறியுங்கள்.

நீதிமன்றத்துக்குப் போகிறேன் என்று அறிவித்தாலோ பேசாமல் இருந்தாலோ, அடுத்து வருவது தனி நீதவான் நடைமுறை அறிவித்தல். குற்றம் நடந்து ஆறு மாதத்துக்குள் வழக்கைத் தொடங்கவேண்டும் என்பது விதி, ஆகவே அதுவரை ஒன்றும் வரவில்லை என்று நிம்மதி அடையவேண்டாம். அந்த உறைக்குள் குற்றச்சாட்டு, அதிகாரியின் வாக்குமூலம், பதில் படிவம், வருமானப் படிவம் இருக்கும். 21 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் ஒரு நீதவானும் ஒரு சட்ட ஆலோசகரும் தாள்களை மட்டும் பார்த்து, உங்களைக் காணாமலே தீர்த்துவிடுவார்கள். 'குற்றவாளி அல்ல' என்று பதில் அளித்தால் வழக்கு திறந்த நீதிமன்றத்துக்கு வரும்.

பதில் அளிக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, அதிகாரி நேரில் வந்து சாட்சி சொல்லவேண்டும் என்று கேட்பது. அவரது எழுத்து வாக்குமூலத்தை நீங்கள் எதிர்க்காவிட்டால் அதை வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள், குறுக்குக் கேள்விக்கே ஆள் இருக்காது. இரண்டு, மொழிபெயர்ப்பாளர். படிவத்தில் கேட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றமே இலவசமாக ஒழுங்குசெய்யும். "எனக்கு இங்கிலிஷ் சமாளிக்கலாம்" என்று விடுபவர்கள், குறுக்குக் கேள்வியில் எதிர்மறைக் கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லித் தங்கள் வழக்கைத் தாங்களே முடித்துவிடுகிறார்கள். "நீங்கள் போனைப் பார்க்கவில்லையா?" என்று இங்கிலிஷில் கேட்டால், 'ஆம், பார்க்கவில்லை' என்ற தமிழ்ப் பழக்கத்தில் 'யெஸ்' என்று வாய் சொல்லும். மகளையோ நண்பரையோ மொழிபெயர்க்க விடமாட்டார்கள்.

விசாரணையில் ஒரு அதிகாரியின் கண்கண்ட சாட்சியமே போதும். ஸ்கொட்லாந்தில் இரண்டு வழிச் சான்று வேண்டும், இங்கே வேண்டாம். "ஒரே ஒரு பொலிஸ், வேறு சாட்சி இல்லை" என்று தெம்பாகப் போவதில் அர்த்தமில்லை. ஆகவே கேள்விகள் அவர் பொய் சொல்கிறார் என்ற திசையில் போகாமல், அவர் கண்டதில் இருக்கும் இடைவெளிகளைத் தேடவேண்டும். எவ்வளவு தூரத்திலிருந்து? எந்தக் கண்ணாடி வழியாக? எத்தனை வினாடி? போனின் எந்தப் பக்கம் தெரிந்தது? திரை ஒளிர்ந்ததா? விரல் அசைந்ததா? எந்தக் கை? மறித்தபோது போன் எங்கே இருந்தது? கேள்வி சிறியதாக, ஒன்றுக்கு ஒரு விடயமாக இருக்கவேண்டும். விடை பிடிக்கவில்லை என்பதற்காக அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டால் அதிகாரி இன்னும் உறுதியாகச் சொல்வார், அவ்வளவுதான். நீதவான்களை 'சேர்', 'மடம்' என்று அழைத்தால் போதும். கீதையிலோ பைபிளிலோ குர்ஆனிலோ சத்தியம் செய்யலாம், வேண்டாமென்றால் உறுதிமொழி எடுக்கலாம்.

தோற்றால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட்டுத்தான் படிவத்தில் கை வைக்கவேண்டும். உச்சத் தண்டம் 1,000 பவுண். பஸ், பாரவாகனம் என்றால் 2,500. நடைமுறையில் வாராந்த வருமானத்தின் பாதியை அடியாக வைத்துத் தண்டம் போடுவார்கள். வரி கழித்து வாரம் 500 பவுண் உழைப்பவருக்கு 250. அதன் 40 சதவீதம் மேலதிகக் கட்டணம், 100. விசாரணை நடந்து தோற்றால் அரச தரப்பின் செலவாக 600 பவுணை ஒட்டி, அதற்கு மேலும் கேட்பது வழக்கம். ஆக 200க்குப் பதிலாக ஏறக்குறைய 950. பொயின்ற் அதே ஆறு. முதல் சந்தர்ப்பத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டத்தில் மூன்றில் ஒன்று குறையும். வருமானப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் வாரம் 440 பவுண் வருமானம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதைவிடக் குறைவாக உழைப்பவருக்கு இது வீண் நட்டம். சட்டத்தரணிக்கு அரச உதவி இந்தக் குற்றத்துக்குச் சாதாரணமாகக் கிடைக்காது. வென்றால்கூட நீங்கள் கட்டிய கட்டணம் முழுதும் திரும்பாது, அரச உதவிக்கான விகிதத்தில்தான் வரும். எனவே காசுக்காக மட்டும் வழக்காடுவது சரிவராது. பொயின்ற் வாழ்க்கையைப் பாதிக்கும் நிலையில், கையில் சான்றும் இருந்தால்தான் கணக்கு ஒத்துவரும்.

பொயின்ற் அதிகம் பாதிப்பது புது ஓட்டுநர்களை. முதல் முழு லைசன்ஸ் எடுத்து இரண்டு ஆண்டுக்குள் செய்த குற்றத்துக்கு ஆறு பொயின்ற் விழுந்தால், 1995ஆம் ஆண்டின் சட்டப்படி, லைசன்ஸ் வழங்கும் அரச நிறுவனமான டிவிஎல்ஏ லைசன்ஸை இரத்துச் செய்துவிடும். பழகுநர் லைசன்ஸிலிருந்து தொடங்கி, எழுத்துப் பரீட்சை, ஓட்டப் பரீட்சை இரண்டையும் திரும்ப எடுக்கவேண்டும். குற்றம் நடந்த திகதிதான் கணக்கு, வழக்கை இரண்டு ஆண்டு தாண்டும்வரை இழுத்துப் பயனில்லை. குடும்பம் பட்டினி கிடக்கும் என்ற கடும் இன்னல் வாதமும் இங்கே ஓடாது. அது 12 பொயின்ற் சேர்ந்து ஆறு மாதத் தடை வரும் நிலைக்கு உரியது. பொயின்றுக்குப் பதிலாகக் குறுகிய காலத் தடை தாருங்கள் என்று கேட்கும் உத்தி ஒன்று உண்டு. தண்டனை வழிகாட்டலே அது பொதுவாகப் பொருத்தமற்றது, பாராளுமன்றத்தின் எண்ணத்தைச் சுற்றிப்போவது என்று சொல்கிறது. குற்றத்தோடு நேரடியாக ஒட்டிய 'விசேட காரணம்' இருந்தால் மட்டுமே நீதிமன்றம் பொயின்ற் போடாமல் விடமுடியும். 999க்கு அழைக்கவில்லை, ஆனாலும் உண்மையான உயிராபத்துச் சூழல் என்பது போன்றது. வேலை போய்விடும் என்பது குற்றத்தோடு ஒட்டிய காரணம் இல்லை. வேகத்துக்குக் கொடுப்பது போன்ற பயிற்சி வகுப்பும் இதற்குக் கிடையாது. 2017 மார்ச்சில் தண்டம் இரட்டித்ததோடு அந்த வழி மூடப்பட்டது.

தெருக் கதைகள் சிலவற்றையும் ஒதுக்கிவிடலாம். 14 நாளுக்குள் கடிதம் வராவிட்டால் வழக்கு செல்லாது என்பது வேகம், கவனயீனம் போன்ற குற்றங்களுக்கான விதி, போனுக்கு அது பொருந்தாது. தாளில் பெயரின் எழுத்துப் பிழை, காரின் நிறப் பிழை வழக்கைக் கொல்லாது. நீங்கள் உண்மையிலேயே தவறாக வழிநடத்தப்பட்டால் ஒழிய நீதிமன்றம் அதைத் திருத்திக்கொண்டு போகும். அதிகாரி வராவிட்டால் வழக்கு தானாக விழும் என்பதும் நிச்சயமில்லை, தவணை கொடுக்கலாம்.

பொலிஸ் மறிக்காமல், கமராவிலோ வேறொருவரின் டாஷ்கேமிலோ பிடிபட்டிருந்தால் முதலில் வருவது ஓட்டியவர் யார் என்று கேட்கும் 172ஆம் பிரிவுக் கடிதம். அதற்கும் 28 நாள். பதில் சொல்லாமல் விட்டால் அதுவே தனிக் குற்றம்: ஆறு பொயின்ற், 1,000 பவுண் வரை தண்டம், லைசன்ஸில் எம்எஸ்90 என்ற குறியீடு. இன்சூரன்ஸ் நிறுவனங்கள் போனுக்கான சியு80 குறியீட்டைவிட அதை மோசமாகப் பார்ப்பதும் உண்டு. கடிதத்துக்குப் பதில் சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது, ஓட்டியவரைச் சொல்வது மட்டுமே. படத்தைக் கேட்டு எழுதலாம், ஆனால் படம் வரும்வரை படிவத்தை வைத்திருக்கக்கூடாது. மச்சானின் பெயரைப் போட்டுவிடலாம், அவருக்குப் பொயின்ற் இல்லை என்ற யோசனை மட்டும் வேண்டாம். அது நீதியின் போக்கைக் குழப்பிய குற்றம். அமைச்சராக இருந்த கிறிஸ் ஹியூனும் முன்னாள் மனைவி விக்கி பிறைஸும் 2013இல் ஆளுக்கு எட்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றது ஒரு வேகக் குற்றத்தின் பொயின்றை இப்படி மாற்றியதற்காகத்தான்.

தீர்ப்புக்கு எதிராகக் கிரவுன் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்ய 15 வேலை நாட்கள் உண்டு. அங்கே முழு விசாரணையும் புதிதாக நடக்கும், தோற்றால் செலவும் புதிதாக ஏறும்.

வாடகை அறை மாறி மாறி இருப்பவர்களுக்கு வரும் சிக்கல் வேறு. அறிவித்தல் பழைய முகவரிக்குப் போய், வழக்கு நடந்ததே தெரியாமல் லைசன்ஸில் பொயின்ற் ஏறியிருக்கும். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போதோ அறவீட்டு முகவர் கதவைத் தட்டும்போதோதான் தெரியவரும். அப்படியானால் வழக்கைப் பற்றி அறிந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் நீதிமன்றத்தில் சத்தியப் பிரகடனம் செய்தால் அந்தத் தீர்ப்பு வெற்றாகிவிடும், வழக்கு தொடக்கத்திலிருந்து வரும். 21 நாள் கடந்தால் தாமதத்துக்கு நல்ல காரணம் காட்டவேண்டும். பிரகடனத்தில் பொய் சொல்வது தனிக் குற்றம். லைசன்ஸிலும் வாகனப் பதிவிலும் முகவரியை மாற்றாமல் விட்டதற்கே 1,000 பவுண் வரை தண்டம் இருக்கிறது, ஆகவே பிரகடனம் செய்யப் போகுமுன் டிவிஎல்ஏ தளத்தில் இரண்டையும் திருத்திவிடுங்கள். புது அறிவித்தல் இந்தமுறை சரியான வீட்டுக்கு வரவேண்டும்.